தலைக்குக் குளித்தால் திரும்பி வரும் சுருள்

5 அக்டோபர் 2024, சனி

நேற்று ராத்திரி தலைக்குக் குளித்தேன். காலையில் முடி முழுக்கக் காய்ந்த பிறகுதான் ஸ்ட்ரெய்ட்னரைக் கையில் எடுத்தேன். எட்டுப் பங்காகப் பிரித்து, பிடரியில் ஆரம்பித்து, நெற்றியில் முடித்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து இதைச் செய்வது எனக்குப் பிடித்த வேலை. சுருண்டிருக்கும்போது தோளுக்குக் கீழே ஒரு சாண் இருக்கும் முடி, நீட்டியதும் இடுப்பைத் தொட வருகிறது.

பாதி வேலையில் சித்தி மகள் வீடியோவில் கூப்பிட்டாள். அவளுக்கும் என்னைப் போலவே சுருட்டை. தை மாதம் கல்யாணம். "அக்கா, வாரா வாரம் இந்தப் பாடு படுவதற்கு ஒரே தடவையாக, கெமிக்கல் போட்டு நிரந்தரமாக நேராக்கும் ஸ்மூத்தனிங் செய்துவிட்டால் என்ன? நான் பார்லரில் கேட்டுவிட்டேன், என் நீளத்துக்கு எட்டாயிரமாம். நீயும் வாயேன், சேர்ந்தே செய்துகொள்ளலாம்."

வர மாட்டேன் என்றேன். ஏன் என்றாள். கையில் சூடான இரும்பு, வாயில் கிளிப். அந்த நிலையில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை, எழுதுகிறேன் என்றேன். இந்தக் குறிப்புகள் அவளுக்காகத்தான். சுருட்டை முடி உள்ள வேறு யாருக்காவது உதவினால் இன்னும் நல்லது.

12 அக்டோபர் 2024, சனி

பூஜை விடுமுறை. எழுத நேரம் கிடைத்திருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு நீட்டமான முடி பிடிக்கும். சுருளும் பிடிக்கும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வாழ்நாள் முழுக்க அதோடு இருக்க எனக்கு விருப்பமில்லை. சூடு இரண்டையும் என்னிடமே விட்டுவைக்கிறது. கெமிக்கல் ஒன்றைப் பறித்துக்கொண்டுதான் மற்றதைக் கொடுக்கிறது.

இது மனசுக்குத் தோன்றுகிற கணக்கு மட்டும் இல்லை, முடிக்குள் நடப்பதே இதுதான். முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அந்தப் புரத இழைகளைப் பல பிணைப்புகள் பிடித்து வைத்திருக்கின்றன. அவற்றில் ஹைட்ரஜன் பிணைப்பு பலவீனமானது. தண்ணீரோ சூடோ பட்டால் விடும், காயும்போதும் ஆறும்போதும் திரும்பப் பிடித்துக்கொள்ளும். இரும்பை வைத்து இழுக்கும்போது இந்தப் பிணைப்புதான் கலைந்து, நேராக மறுபடி அமைகிறது. அடுத்த முறை தலை நனைந்ததும் அது மறுபடி கலையும், சுருள் வந்துவிடும். கந்தகப் பிணைப்பு அப்படி இல்லை. தண்ணீருக்கும் சாதாரணச் சூட்டுக்கும் அது அசைவதில்லை. சுருளின் உருவத்தைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருப்பதில் பெரிய பங்கு அதற்குத்தான்.

ரீபாண்டிங்கும் ஸ்மூத்தனிங்கும் கை வைப்பது அந்தக் கந்தகப் பிணைப்பில். தயோகிளைகோலேட் சேர்ந்த க்ரீம் முதலில் அதை உடைக்கிறது. கழுவி, காயவைத்து, அயர்ன் செய்து நேராக்குகிறார்கள். பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ள நியூட்ரலைசரைப் பூசி, நேரான வடிவிலேயே பூட்டிவிடுகிறார்கள். அந்த இழை அதற்குப் பிறகு சுருளாது. மறுபடி சுருள் வேண்டும் என்றால் வேரிலிருந்து புதிதாக வளர்ந்து வர வேண்டும், மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர், சற்றுக் கூடுதலாக. இடுப்பு வரை உள்ள முடிக்கு எத்தனை வருஷம் ஆகும் என்று அவளே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

கெமிக்கல் பிடிக்குமா பிடிக்காதா என்று யோசித்தவள் இல்லை நான். பட்டவள். கல்லூரி கடைசி வருஷம், 2015-ல் ரீபாண்டிங் செய்துகொண்டேன். ஐந்து மணி நேரம் உட்கார வைத்தார்கள். உச்சந்தலை எரிகிறது என்று இரண்டு முறை சொன்னேன், அப்படித்தான் இருக்கும் என்றார்கள். மறுநாள் வகிட்டோரம் தோல் உரிந்தது. ஆனாலும் முதல் மூன்று மாதம் எனக்குச் சந்தோஷம்தான், அதை மறைக்க மாட்டேன். குளித்துவிட்டு ஒரு சீப்பை ஓட்டினால் போதும் என்ற சுகம் அதுவரை எனக்குத் தெரியாது.

ஐந்தாம் மாதம் வேரில் நாலு விரல்கடை சுருள் வந்துவிட்டது. அதற்குக் கீழே குச்சி மாதிரி நேர்முடி. இரண்டும் சேரும் இடம்தான் முடியிலேயே பலவீனமான இடம். சீப்பு அங்கே மாட்டும், அங்கேயே ஒடியும். குளியலறைத் தரையில் கிடந்தவை வேரோடு வந்த முடிகள் இல்லை, பாதியில் ஒடிந்தவை. பார்லரில் கேட்டால், வேருக்கு டச்சப் செய்துகொள் என்றார்கள், திரும்ப மூவாயிரம். ஒரு தடவை என்று சொன்னது எதுவும் ஒரு தடவையோடு நிற்காது என்று அன்றைக்குத்தான் விளங்கியது. வேர் வளர்வதை நிறுத்தப் போவதில்லையே. நான் டச்சப் செய்யவில்லை. கழுத்து வரை வெட்டிக்கொண்டேன்.

15 அக்டோபர் 2024, செவ்வாய்

மழை. வேளச்சேரி மேம்பாலத்தில் நேற்றிலிருந்தே கார்களை வரிசையாக ஏற்றி நிறுத்தியிருக்கிறார்கள். எங்கள் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர், வீட்டிலிருந்தே வேலை.

பால் வாங்கக் கீழே போய்விட்டு வந்ததற்குள் நெற்றியோரம் எல்லாம் சுருண்டுவிட்டது. சனிக்கிழமை முக்கால் மணி நேரம் இழுத்து நீட்டியது ஐந்து நிமிஷத் தூறலில் போய்விட்டது. முன்பெல்லாம் அழுகை வரும். இப்போது கண்ணாடியில் பார்க்கும்போது, அது இன்னும் உயிரோடு இருக்கிறது என்று தோன்றுகிறது. உள்ளே எதுவும் உடையவில்லை, கூப்பிட்டால் வருகிறது.

31 அக்டோபர் 2024, வியாழன், தீபாவளி

விடியற்காலை நாலரைக்கு எண்ணெய். அம்மா நல்லெண்ணெயில் மிளகும் வெற்றிலையும் போட்டுக் காய்ச்சி, வெதுவெதுப்பாக உச்சியில் வைத்துத் தேய்த்துவிட்டாள். சீயக்காய் போட்டு அலசி, சாம்பிராணிப் புகையில் காயவைத்தேன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நான் முடியை நீட்டுவது இல்லை. வந்த சுருளோடு அப்படியே இருப்பேன்.

ரீபாண்டிங் செய்த வருஷம் தீபாவளிக்கு எண்ணெய் வைக்கவில்லை. எண்ணெய் வேண்டாம், சீயக்காய் வேண்டாம், நாங்கள் தரும் ஷாம்புதான் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆச்சி கிண்ணத்தில் எண்ணெயோடு வந்து நின்றாள். நான் வேண்டாம் என்றதும் கிண்ணத்தை அப்படியே திரும்ப எடுத்துக்கொண்டு போனாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இந்தச் சுருள் ஆச்சியுடையது. திருநெல்வேலி வீட்டு முற்றத்தில் என்னைக் கால்களுக்கு நடுவில் உட்கார வைத்து, சீப்பே எடுக்காமல் விரலாலேயே சிக்கெடுப்பாள். நுனியில் ஆரம்பித்துத்தான் மேலே போவாள். செம்பருத்தி இலையை அரைத்து வழுவழுவென்று தலையில் தேய்ப்பாள். சுருட்டை முடிக்காரர்களுக்கு இன்றைக்குச் சொல்கிற பாடம் எல்லாம், நுனியிலிருந்து சிக்கெடு, வழுக்கலாக ஏதாவது தேய்த்துக்கொண்டு எடு என்பதெல்லாம், அவளுக்குப் படிக்காமலே தெரிந்திருந்தது. 2018-ல் போய்விட்டாள். அவள் காதோரம் எப்படிச் சுருளுமோ அப்படியே எனக்கும் இடது காதோரம் சுருளும். அதை ஒரு க்ரீம் கொடுத்து அழிக்க எனக்கு மனசு வராது. வேறு எந்தக் காரணமும் இல்லாவிட்டாலும் இது ஒன்றே எனக்குப் போதும்.

9 நவம்பர் 2024, சனி

சித்தி மகள் படித்துவிட்டுப் பேசினாள். "நீ செய்துகொண்டது பழைய காலம் அக்கா. இப்போது கெரட்டின் ட்ரீட்மென்ட் வந்துவிட்டது, அது முடிக்குச் சத்து" என்கிறாள். பெயர்தான் கெரட்டின். முடியை நேராகப் பிடித்து வைப்பது பெரும்பாலும் அதில் கலந்திருக்கும் ஃபார்மால்டிஹைடோ, சூடு பட்டால் அதை வெளிவிடும் பொருளோ, இல்லையென்றால் கிளையாக்சிலிக் அமிலமோதான். ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. அதை ஒரு தடவை முகர்கிற நம்மை விட, ஏசி போட்டு ஜன்னல் சாத்திய அறையில் நாளெல்லாம் அந்தப் புகையில் நிற்கும் பெண்களை நினைத்தால்தான் எனக்கு அதிகக் கவலை.

கிளையாக்சிலிக் அமிலம் பத்திரமானது என்று நினைத்திருந்தார்கள். இந்த வருஷம் பிரான்சு மருத்துவர்கள் ஒரு 26 வயதுப் பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். 2020, 2021, 2022 என்று மூன்று தடவை முடியை நேராக்கிக்கொண்டவர், மூன்று தடவையும் சிறுநீரகம் பழுதாகி வந்திருக்கிறார். அந்த க்ரீமை எலிகளுக்குப் பூசிப் பார்த்தபோது அவற்றின் சிறுநீரகத்தில் ஆக்சலேட் படிகங்கள் இருந்தன.

அமெரிக்காவில் 33,497 பெண்களை ஏறக்குறைய 11 வருஷம் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2022-ல் வெளிவந்தது. 378 பேருக்குக் கருப்பைப் புற்றுநோய் வந்திருந்தது. கெமிக்கல் ஸ்ட்ரெய்ட்னரே பயன்படுத்தாதவர்களில் 70 வயதுக்குள் அது வரும் வாய்ப்பு 1.64 சதவீதம். வருஷத்துக்கு நாலு தடவைக்கு மேல் பயன்படுத்தியவர்களில் 4.05 சதவீதம். இது ஒரு தொடர்பு, காரணம் இதுதான் என்று நிரூபணம் ஆகிவிடவில்லை. எந்த பிராண்டு என்றும் அதில் கேட்கவில்லை. நூற்றுக்கு நாலு பேர் என்பது நடுங்கவேண்டிய எண்ணும் இல்லை. ஆனால் முடியை நீட்டிக்கொள்ள எனக்குப் பாதகம் குறைந்த ஒரு வழி இருக்கும்போது, இந்தச் சந்தேகத்தை ஏன் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டும்?

அந்த ஆய்வில் ஸ்ட்ரெய்ட்னர் பயன்படுத்தியதாகச் சொன்னவர்களில் சுமார் 60 சதவீதம் பேர் கறுப்பினப் பெண்கள். அங்கே இந்தப் பேச்சு நூறு வருஷத்துக்கும் மேலாக நடக்கிறது. அடுப்பில் காய்ச்சிய இரும்புச் சீப்பால் முடியை நீட்டியதும், பிறகு சோடியம் ஹைட்ராக்சைடு கலந்த ரிலாக்சர் என்ற நேராக்கும் க்ரீம் வந்ததும், சின்னப் பிள்ளைகளின் தலையில்கூட அது பூசப்பட்டதும் அவர்கள் கதை. சுருளோடு வேலைக்குப் போனால் ஒழுங்காக இல்லை என்று பேச்சு கேட்க வேண்டியிருந்தது. அதைத் தடுக்க கலிஃபோர்னியாவில் 2019-ல் சட்டமே போட்டார்கள். அவர்கள் பட்டது வேறு, நம் கதை வேறு, இரண்டையும் ஒன்றாக்க மாட்டேன். ஆனால் ரிலாக்சரை விட்டுவிட்டு, நினைத்தபோது சூட்டில் நீட்டி, நினைத்தபோது சுருளுக்குத் திரும்பும் பெண்கள் அங்கே நிறையப் பேர். அவர்கள் சொல்வதைக் கேட்டுத்தான் நானும் வழி கண்டுபிடித்தேன்.

16 நவம்பர் 2024, சனி

சூடு மட்டும் ஒன்றும் செய்யாதா என்று அம்மா கேட்டாள். நியாயமான கேள்வி.

செய்யும். 2021 வரை என் இரும்பு 210 டிகிரி செல்சியஸில் இருந்தது. சீக்கிரம் வேலை முடியும் என்று ஒரே இடத்தில் மூன்று நாலு தடவை இழுப்பேன். நெற்றியோரம் ஒரு பிடி முடி, தண்ணீரில் நனைத்தாலும் சுருளவில்லை. நூல் மாதிரி தொங்கியது. அந்த அளவுச் சூட்டில் புரதமே கெட்டுவிடும், அதற்குப் பிறகு தண்ணீரால் ஆவது எதுவும் இல்லை. அந்தப் பிடி வளர்ந்து வெட்டி முடிய ஒன்றரை வருஷம் ஆனது.

இப்போது 170-க்கு மேல் போவதில்லை. ஒரு பங்குக்கு ஒரே இழுப்பு, சீப்பு முன்னால் போகும், இரும்பு அதன் பின்னாலேயே போகும். ஈரத்தில் கிட்டவே கொண்டுபோவதில்லை. ஈர முடியில் இரும்பை வைத்தால் சுர்ரென்று சத்தம் வருமே, அது உள்ளே இருக்கும் தண்ணீர் கொதித்து, இழைக்குள் குமிழ் விடுகிற சத்தம். அந்த இடத்திலேயே ஒடியும். எண்ணெய் வைத்த தலையிலும் கூடாது. சூட்டுக்கு முன் அடிக்கும் ஸ்ப்ரே உண்டு, சிலிக்கோன் சேர்ந்தது, இழையின் மேல் மெல்லிய படலமாக நிற்கும். அதைச் சுத்தமாகக் காயவிட வேண்டும். வாரத்துக்கு ஒரு தடவைதான். நடுவில் கலைந்தால் கலைந்தது, கொண்டை போட்டுக்கொள்வேன்.

ஒவ்வொரு முறை தலைக்குக் குளித்ததும் கண்ணாடி முன் நின்று எல்லாப் பக்கமும் சுருள் வந்ததா என்று பார்ப்பேன். எங்கேயாவது சோம்பிக் கிடந்தால் அடுத்த இரண்டு வாரம் இரும்பு கிடையாது. எல்லை தாண்டிவிட்டேன் என்று சூடு முன்கூட்டியே சொல்லும். ரீபாண்டிங் செய்த முடியில் அப்படி எதுவும் சொல்லித் தெரியவில்லை, ஒடியும்போதுதான் தெரிந்தது.

30 நவம்பர் 2024, சனி

ஃபெஞ்சல் புயல். விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். நேற்று வந்த சித்தி மகள் திரும்பிப் போக முடியாமல் என் வீட்டில் இருக்கிறாள்.

நேற்று ராத்திரி அவளுக்கு என் கையாலேயே நீட்டிவிட்டேன். ஒன்றேகால் மணி நேரம். கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். இன்று மதியம் பால்கனியில் சாரலில் நின்றிருக்கிறாள், சாயங்காலம் பாதிச் சுருள்.

அப்புறம் உட்கார்ந்து கல்யாணத்தைப் பற்றிப் பேசினோம். முகூர்த்தத்துக்கு ஜடைதான். சவுரி வைத்துப் பின்னி, மேலே முழுக்கப் பூ. அங்கே முடி நேரா சுருளா என்று யாருக்குத் தெரியப்போகிறது? சுருட்டையில்தான் பின்னலும் நிற்கும், ஊசியும் பூவும் நழுவாமல் இருக்கும். நேராக்கிய முடியில் பூ வைத்தால் வழுக்கிக்கொண்டு வரும், நான் பட்டிருக்கிறேன். நலங்குக்கு எண்ணெய் வைப்பார்கள், அதையும் பார்லரில் வேண்டாம் என்பார்கள். முடியை விரித்துப் போடப்போவது முதல் நாள் ரிசப்ஷனில் மட்டும். அந்த மூன்று மணி நேரத்துக்காக எட்டாயிரமும் வருஷக்கணக்கில் காத்திருப்பதும் வேண்டுமா என்று கேட்டேன்.

பதில் சொல்லவில்லை. காதோரம் சுருண்டதை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். அவளுக்கும் இடது காதுதான்.

7 டிசம்பர் 2024, சனி

பார்லரில் சொல்லி வைத்திருந்த நாளை ரத்து செய்துவிட்டாளாம். "ரிசப்ஷனுக்கு நீதான் அக்கா, இரண்டு மணி நேரம் ஒதுக்கி வை. கல்யாணத்துக்குப் பிறகு என்ன செய்வேன் என்று இப்போதே கேட்காதே" என்றாள். சரி என்றேன். அது அவள் தலை.

தைக்குள் நுனியை ஓர் அங்குலம் வெட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். அதுவரை இரும்பு தொடக் கூடாது. மண்டபத்தில் மணப்பெண் அறைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் பிளக் பாயின்ட் இருக்கிறதா என்று சித்தப்பாவிடம் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் நீளமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று இங்கிருந்தே எடுத்துப் போக வேண்டும்.