திட்ட அறிக்கையில் விட்டுப்போன வரி

சிறு உணவுத் தொழில் தொடங்குகிறவர்களுக்குத் திட்ட அறிக்கை தயாரித்துக் கொடுப்பது என் வேலை. ஆரம்பத்தில் நான் எழுதிய அறிக்கைகள் பார்க்க நன்றாக இருக்கும். முன்னுரை, சந்தை நிலவரம், ஐந்து வருட லாபக் கணக்கு என்று கடன் கொடுப்பவர் எதிர்பார்க்கும் தலைப்புகள் எதுவும் விட்டுப்போகாது. ஆனால் அவற்றில் ஒன்றைக்கூட நான் அடுப்படியில் நின்று பார்த்து எழுதியதில்லை.

அதை மாற்றியது ஒரு நேர்காணல். வீட்டிலேயே சாப்பாடு செய்து விற்கும் ஓர் அக்காவோடு கடன் கேட்கப் போயிருந்தேன். அதிகாரி ஓய்வுபெறும் வயதில் இருந்தார். அறிக்கையைக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டி வந்து, செலவுப் பட்டியலில் விரலை வைத்தார்.

"சமைக்கிறது யாரு?"

"நான்தான் சார்."

"பேக்கிங்?"

"அதுவும் நான்தான். பொண்ணு கூடமாட இருப்பா."

"உங்க ரெண்டு பேர் சம்பளம் இதுல எங்கம்மா இருக்கு?"

அக்கா என்னைப் பார்த்தார். அப்படி ஒரு வரியே நான் எழுதவில்லை. "சொந்தத் தொழில்தானே சார்" என்று இழுத்தேன். அவர் கோபப்படவில்லை. "இவங்களுக்கு ஒரு மாசம் உடம்பு முடியலேன்னா ஆள் வச்சுத்தானே சமைக்கணும்? அந்த ஆளுக்குக் கொடுக்க இந்தக் கணக்குல காசு இருக்கான்னு பார்த்துட்டு வாங்க" என்று கோப்பைத் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஒரு தராசும் நோட்டும் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். முதலில் காஸ் சிலிண்டரை எடை போட்டோம். "ஒரு மாசம் வரும்" என்று அவர் சொன்னதை அறிக்கையில் அப்படியே எழுதியிருந்தேன். சமையல் முடிந்ததும் மறுபடி எடை போட்டு, குறைந்ததைக் கணக்கிட்டால் இருபது நாள்கூடத் தாங்காது என்று தெரிந்தது.

அடுத்தது காய். வாங்கியது 1 கிலோ. தோலும் காம்பும் கழித்துச் சட்டிக்குப் போனது 850 கிராம். இந்த இடத்தில் நிறையப் பேர் தவறுகிறார்கள், நானும் தவறியிருந்தேன். 15 சதவீதம் கழிவுதானே என்று விலையோடு 15 சதவீதம் கூட்டுவோம். கிலோ 100 என்றால் 115 என்று வரும். ஆனால் 100 கொடுத்துக் கையில் கிடைத்தது 850 கிராம்தான். 100-ஐ 0.85 ஆல் வகுத்தால் உண்மையான அடக்க விலை கிலோவுக்கு 117.6. வித்தியாசம் சிறிதுதான். இருந்தாலும் ஒவ்வொரு பொருளிலும் இப்படிக் கசிந்தால் மாதக் கடைசியில் லாபம் எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும்.

அப்புறம் நேரம். ஒரு ஈட்டுக்கு 12 சாப்பாடு, அடுப்பில் 1 மணி 40 நிமிடம். நறுக்குவதும் கட்டுவதும் கழுவுவதும் தனி.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். எளிதாக இருக்கட்டும் என்று ஒரு சாப்பாட்டின் விலையை 100 என்று எடுத்துக்கொண்டேன். பொருள், எரிபொருள், டப்பா எல்லாம் சேர்த்து 60. மீதி 40. வாடகை, கடன் தவணை போன்ற மாதாந்தர நிலைச்செலவு 20,000. அப்படியென்றால் மாதம் 500 சாப்பாடு விற்றால் கையைக் கடிக்காது. மாதத்தில் 25 நாள் வேலை என்றால் நாளுக்கு 20. "இருபது போகும் தம்பி, கண்ணை மூடிக்கிட்டுப் போகும்" என்றார் அக்கா.

இப்போது விட்டுப்போன வரியைச் சேர்த்தோம். இருவர் உழைப்புக்கும் சேர்த்து 12,000. நிலைச்செலவு 32,000 ஆனது. 800 சாப்பாடு விற்க வேண்டும், நாளுக்கு 32. இரண்டு ஈடு போதாது, மூன்று வேண்டும். அடுப்பு முன்னால் மட்டும் ஐந்து மணி நேரம். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. கையைத் தேய்த்துக்கொண்டு நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டெலிவரி ஆப்பில் சேரலாமா என்று பெண் கேட்டாள். அதையும் போட்டுப் பார்த்தோம். கமிஷன் 20 என்று வைத்தால் விலையில் ஐந்தில் ஒரு பங்குதான் போகிறது போலத் தோன்றும். ஆனால் மீதி நின்ற 40 பாதியாகிவிடும். எல்லாமே ஆப் வழியாகப் போனால் 800 சாப்பாடு 1,600 ஆகிவிடும். அந்த யோசனையைத் தள்ளி வைத்தோம்.

மொத்தமாகச் சமைத்து வைத்துக்கொண்டால் நேரம் மிச்சமாகுமே என்றும் பேசினோம். சமைத்த உணவில் கிருமிகள் வேகமாகப் பெருகுவது 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் இடையில். ஆழமான பாத்திரத்தில் ஆற வைத்தால் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். அகலமான தட்டும் கூடுதல் ஃப்ரிட்ஜும் வாங்க வேண்டும், அவை முதலீட்டுப் பட்டியலில் ஏற வேண்டும். முன்பெல்லாம் இந்தப் பகுதியை "சுகாதாரமான முறையில் தயாரிக்கப்படும்" என்ற ஒற்றை வரியில் முடித்துவிடுவேன். 1960களில் விண்வெளி வீரர்களுக்கு உணவு தயாரிக்க நாசாவும் பில்ஸ்பரி நிறுவனமும் சேர்ந்து வேலை செய்தபோது, செய்து முடித்த உணவைச் சோதித்தே பாதுகாப்பை உறுதி செய்வதென்றால் செய்ததில் பெரும்பகுதி சோதனைக்கே போய்விடும் என்று கண்டார்கள். அதனால் ஒவ்வொரு படியிலும் எங்கே தவறு நேரலாம் என்று முன்கூட்டியே பார்த்துக் கட்டுப்படுத்தும் ஹாசப் முறை உருவானது. அன்று அக்கா வீட்டில் தராசோடு உட்கார்ந்திருந்தபோது, பணக் கணக்கையும் அப்படித்தான் பார்க்க வேண்டும் என்று எனக்கு உறைத்தது. வருடக் கடைசியில் லாபநட்டம் பார்ப்பது ரொம்பத் தாமதம்.

கடைசியில் மிஞ்சியது விலை. 110 என்றால் நாளுக்கு 26, அப்போதும் மூன்றாவது ஈடு வேண்டும். 115 என்றால் ஒரு சாப்பாட்டில் 55 நிற்கும். 582 சாப்பாடு, நாளுக்கு 24. சரியாக இரண்டு ஈடு.

"விலையைக் கூட்டினா ஆள் குறைஞ்சுடுவாங்க தம்பி."

"சம்பளத்தை எடுத்துட்டா பழைய விலைக்கே விக்கலாம்க்கா. எடுத்துடவா?"

அவர் பெண்ணைப் பார்த்தார். அவள் மூன்றாவது தடவையாகப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். "வேண்டாம். இருக்கட்டும்" என்று என் கையிலிருந்த பேனாவை வாங்கினார். செலவுப் பட்டியலில் காலியாக விட்டிருந்த இடத்தில் தன் பெயரையும் மகள் பெயரையும் எழுதி, எதிரே தொகையையும் போட்டார். தட்டச்சு செய்த அந்த அறிக்கையில் கையெழுத்தில் இருக்கும் வரி அது ஒன்றுதான். அதை அப்படியே விட்டுத்தான் மறுபடி கொண்டுபோய்க் கொடுத்தோம்.