அழைப்பு மேசையில் கேட்ட குத்துச்சண்டை

கட்டண ஒளிபரப்பு நிறுவனம் ஒன்றின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில், பெரிய ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) குத்துச்சண்டைப் போட்டிகள் நடக்கும் இரவுகளில் அழைப்புகளை ஏற்பது பல ஆண்டுகளாக என் பணியாக இருந்தது. படம் தடைபட்டால் பணத்தைத் திருப்பித் தரலாம், போட்டி சப்பென்று முடிந்தால் தரக் கூடாது என்பது எங்கள் விதி. ஆயினும் கடும் கோபத்தோடு வந்த அழைப்புகளில் பெரும்பாலானவை இரண்டாவது வகையைச் சேர்ந்தவையே.

2015 நவம்பரில் டுசல்டோர்ஃபில் டைசன் ஃபியூரி, ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் பட்டத்தைக் காத்துவந்த விளாடிமிர் கிளிச்கோவைப் புள்ளிகளில் வென்றார். அது வரலாறுதான், ஆனால் 12 சுற்றுகளிலும் இருவரும் அடித்ததைவிட ஒருவரையொருவர் எட்ட நிறுத்தியதே அதிகம். அதே கிளிச்கோ 2017 ஏப்ரலில் வெம்ப்ளியில் சுமார் 90,000 பேர் முன்னிலையில் ஆந்தனி ஜோஷுவாவிடம் தோற்றார். ஐந்தாம் சுற்றில் கிளிச்கோ விழுந்து எழுந்தார், ஆறாம் சுற்றில் ஜோஷுவா விழுந்து எழுந்தார், 11ஆம் சுற்றில் நடுவர் போட்டியை நிறுத்தினார். அன்றிரவு படம் நின்றுபோய் அழைத்த ஒரு பெரியவர், பணத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல், “ஆறாம் சுற்றில் என்ன நடந்தது, சொல்லுங்கள்” என்று மட்டும் கேட்டார்.

நேரம் குறைந்ததற்காக ரசிகர்கள் வருந்துவதில்லை. 1988இல் மைக் டைசன் 91 விநாடிகளில் மைக்கேல் ஸ்பிங்க்ஸை வீழ்த்தியதைச் சிலாகித்தவர்களையே நான் சந்தித்திருக்கிறேன். இருவரும் வெல்லத் துணிந்து இறங்கினார்கள் என்ற நம்பிக்கையைத்தான் அவர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள். அந்த நம்பிக்கையை வீரர்களைவிட அதிகமாகக் குலைப்பவர்கள் வளையத்துக்கு வெளியே இருப்பவர்கள் என்பது என் உறுதியான கருத்து.

குத்துச்சண்டையில் உலகப் பட்டங்களைத் தனித்தனி அமைப்புகள் வழங்குகின்றன; எல்லாவற்றையும் ஒருவரே வைத்திருந்தால்தான் அவர் மறுக்க முடியாத சாம்பியன். 1999இல் லெனாக்ஸ் லூயிஸுக்குப் பிறகு, மறுக்க முடியாத ஒரே சாம்பியன் யார் என்ற கேள்விக்கு விடை கிடைக்க 2024 மே மாதம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ரியாத்தில் ஒன்பதாம் சுற்றில் ஃபியூரியைக் கயிறுகளின்மீது தள்ளாடவைத்த ஒலெக்சாண்டர் உசிக், நான்கு அமைப்புகளின் பட்டங்களையும் ஒன்றாக்கினார். ஆறு வாரங்களுக்குள் அவற்றில் ஒன்றை அவர் விட்டுக்கொடுக்க நேர்ந்தது. டிசம்பர் மறுபோட்டிக்குப் பதிவு செய்ய அழைத்த ஒருவர், நான்கும் இப்போது யாரிடம் என்று கேட்டார். மூன்று உசிக்கிடம், ஒன்று டேனியல் டுபுவா என்ற வேறொரு வீரரிடம் என்று விளக்கினேன். சற்று நேரம் பேசாமலிருந்தவர், பதிவு வேண்டாம் என்று இணைப்பைத் துண்டித்தார்.