கியர்பாக்ஸை இறக்கச் சொன்னார்கள், லீக் இருந்தது மேலே

கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும் என்று அடித்துச் சொல்லப்பட்ட ஒரு ஆயில் லீக், கடைசியில் விரலில் மாட்டும் அளவு ரப்பர் வளையத்தில் முடிந்தது. இடையில் போன காசையும் நேரத்தையும் நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. பழைய வண்டி வைத்திருக்கும் யாருக்காவது இது பயன்படட்டும்.

ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிப்யூட்டர் இருந்த காலத்து பெட்ரோல் எஞ்சின். வண்டி நின்ற இடத்தில் எல்லாம் தரையில் கறுப்புச் சொட்டு. பெரும்பாலான கார்களில் ஆயில் அளக்கும் குச்சியான டிப்ஸ்டிக்கின் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே ஏறக்குறைய 1 லிட்டர் இருக்கும். அந்த அளவு சர்வீஸ் தேதிக்கு வெகு முன்பே காணாமல் போய்க்கொண்டிருந்தது. சைலன்சரில் நீலப் புகை இல்லை. ஆக, ஆயில் உள்ளே எரியவில்லை, வெளியேதான் போகிறது.

முதலில் மெக்கானிக்குகள் எஞ்சினின் மேல்மூடியான டேப்பட் கவரின் பேக்கிங்கை மாற்றினார்கள். பழையது சூட்டில் விறைத்து, வளைத்தால் ஒடியும் நிலையில்தான் இருந்தது. அதை மாற்றியதில் தப்பில்லை. சொட்டு நிற்கவில்லை. அடுத்து, எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பின் பேக்கிங். இங்கேதான் எனக்குக் கோபம். பேக்கிங்கோடு சேர்த்து சிலிகானையும் தாராளமாகப் பூசி இறுக்கியிருந்தார்கள். வெளியே அவ்வளவு பிதுங்கினால் உள்ளேயும் பிதுங்கத்தானே செய்யும்? அந்தத் துண்டு பிய்ந்து ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைத்தால் எஞ்சினுக்கு ஆயில் போகாது. கசிவை நிறுத்தப் போய் எஞ்சினையே இழக்கும் வேலை அது. சிலிகான் பூசச் சொல்லியிருக்கும் இடத்தில் மட்டும், மெல்லிய கோடாக, மேற்பரப்பைச் சுரண்டித் துடைத்த பிறகு பூச வேண்டும்.

அதற்கும் லீக் நிற்காததால் தீர்ப்பு வந்தது: "சார், பின்பக்க கிராங்க் சீல் போயிடுச்சு. கியர்பாக்ஸ் இறக்கணும்." காரணம் கேட்டேன். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் கூடான பெல் ஹவுசிங்கின் அடியில் சொட்டுகிறதாம். வேறொரு இடத்தில் காட்டினேன். அங்கேயும் அடியில் குனிந்து ஒரு பார்வை, அதே தீர்ப்பு. எஞ்சினைக் கழுவிவிட்டுப் பார்த்தீர்களா என்றால் இரண்டு பேரிடமும் பதில் இல்லை. கிராங்க் ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தில் ஆயிலை அடைத்து நிறுத்தும் அந்த சீல் சின்னப் பொருள்தான். ஆனால் அதைத் தொட கியர்பாக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல் எல்லாம் வெளியே வர வேண்டும். அப்படிப்பட்ட வேலையை ஊகத்தில் செய்யக் கூடாது என்று வண்டியைத் திருப்பி எடுத்து வந்தேன். எடுத்த முடிவுகளிலேயே நல்ல முடிவு அது.

சொட்டும் இடம் கசியும் இடம் அல்ல. ஆயில் புவியீர்ப்பில் கீழே இறங்கும், ஓடும்போது காற்றில் பின்னால் போகும், வழியில் இருக்கும் விளிம்பையெல்லாம் பிடித்துக்கொண்டு கடைசியில் தாழ்வான ஒரு முனையில் சொட்டும். ஈரமாக இருக்கும் இடங்களில் மிக உயரமானது எது, மிக முன்னால் இருப்பது எது என்றுதான் தேட வேண்டும். வருஷக்கணக்கான அழுக்கு படிந்த எஞ்சினில் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

ஆறிய எஞ்சினில் டிகிரீசர் அடித்து, பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். டிஸ்ட்ரிப்யூட்டர், ஆல்டர்னேட்டர், காற்று உள்ளே போகும் வாய் மூன்றையும் பாலிதீனால் மூடிக் கட்டிவிட்டுத்தான் தண்ணீர். அழுத்தமாகப் பீய்ச்சக் கூடாது. நன்றாகக் காய்ந்ததும் சந்தேகமான இடங்களில் டால்கம் பவுடர் தூவினேன். கசிவு வந்தால் வெள்ளை கறுத்துவிடும். ஆயிலில் கலக்கும் புற ஊதா சாயமும் உண்டு. அதற்கான விளக்கை அடித்தால் கசிந்த தடம் மஞ்சள் பச்சையாக ஒளிரும். எனக்குப் பவுடரே போதுமாக இருந்தது. அடியில் படுப்பவர்கள் ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள், ஸ்டாண்ட் வைத்துவிட்டே நுழையுங்கள்.

கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு டார்ச்சும் சிறிய கண்ணாடியும் வைத்துப் பார்த்தேன். முன்பக்க கிராங்க் சீல், ஆயில் ஃபில்டர், பிரஷர் சுவிட்ச், சம்ப் எல்லாம் வெள்ளையாகவே இருந்தன. சிலிண்டர் ஹெட்டின் கியர்பாக்ஸ் பக்க முனையில், டிஸ்ட்ரிப்யூட்டர் உட்காரும் இடத்துக்குக் கீழே மட்டும் ஒரு கறுப்புக் கோடு. அது கியர்பாக்ஸ் மேல் இறங்கி, பெல் ஹவுசிங்கைச் சுற்றி அடிக்கு வந்திருந்தது. கீழேயிருந்து பார்ப்பவருக்கு அச்சு அசல் பின்பக்க சீல் லீக். தொட்டு முகர்ந்தும் பார்த்தேன். கியர் ஆயிலுக்குரிய கந்தக வாடை இல்லை, எஞ்சின் ஆயில்தான். வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட்டின் முனையில் டிஸ்ட்ரிப்யூட்டர் மாட்டியிருக்கும் எஞ்சின் உங்களுடையது என்றால் முதலில் அங்கே கண்ணாடியை நீட்டுங்கள்.

டிஸ்ட்ரிப்யூட்டர் உட்காரும் இடத்தை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ ரிங்கைத் தொடுவதற்கு முன் இன்னொன்றையும் பார்த்தேன், யாருமே பார்க்காதது: பிசிவி வால்வ். பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே வரும் வாயுவை இழுத்து மறுபடி எரிக்க அனுப்புவது அதன் வேலை. அது அடைத்துக்கொண்டால் அழுத்தம் உள்ளேயே ஏறி, எந்த சீல் பலவீனமோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளும். சோதனை சுலபம். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் மேல் ஒரு காகிதம் வையுங்கள். லேசாக உள்ளே இழுக்க வேண்டும். என் வண்டியில் காகிதம் மேலே எழும்பியது. வால்வைக் கழற்றிக் குலுக்கினால், நல்ல வால்வில் வர வேண்டிய கடகட சத்தமே இல்லை. ஹோஸ் முழுக்கக் கசடு. இரண்டையும் மாற்றியதும் சொட்டு கண்ணுக்குத் தெரிந்து குறைந்தது. இது சரியாக இல்லாமல் எத்தனை பேக்கிங் மாற்றினாலும் காசுக்குக் கேடுதான்.

பிறகு டிஸ்ட்ரிப்யூட்டர். போல்ட்டைத் தளர்த்துவதற்கு முன் அதன் உடலிலும் ஹெட்டிலும் சேர்ந்தாற்போல ஒரு கோடு கீறிவிடுங்கள். அந்த போல்ட் துளைகள் நீளமானவை. கொஞ்சம் திரும்பினாலும் தீப்பொறி விழும் நேரமான இக்னிஷன் டைமிங் மாறிவிடும். பழைய ஓ ரிங் தட்டையாகி பிளாஸ்டிக் போல இருந்தது. அளவு சரியாக இருக்கிறதே என்று தண்ணீர்க் குழாய்க்கான வளையத்தைப் போட்டுவிடாதீர்கள், சூடான ஆயிலைத் தாங்கும் ரப்பர்தான் வேண்டும். பார்ட் நம்பர் சொல்லி வாங்கி, சுத்தமான எஞ்சின் ஆயிலைத் தடவி மாட்டினேன். டைமிங் லைட்டில் சரிபார்த்ததோடு வேலை முடிந்தது.

மாற்றியதும் எஞ்சினை இன்னொரு முறை துடைக்க மறக்காதீர்கள். இடுக்குகளில் தேங்கிய பழைய ஆயில் கொஞ்ச காலம் சொட்டும், அதைப் பார்த்து வேலை தோற்றுவிட்டது என்று நினைக்க வாய்ப்புண்டு. நான் துடைத்துவிட்டு, இரவில் அடியில் அட்டை விரித்து வைத்துப் பார்த்தேன். அட்டை சுத்தம். அன்று வந்த நிம்மதியைச் சொல்லி மாளாது.

சம்ப் மூலையில் லேசான ஈரம் இருக்கிறது. அந்த சிலிகான் வேலையின் மிச்சம். அடுத்த முறை ஆயிலை இறக்கும்போது சம்பைக் கழற்றி, சல்லடையையும் பார்த்துவிட்டுத்தான் மூடப் போகிறேன்.