தகாட்சுகியில் செலுத்திய நேர்ச்சை

அருளாளர் யுஸ்தோ தகயாமா உகோனுக்கு எங்கள் குடும்பம் கடன்பட்டிருந்தது. அக்கா மகன் டெங்குக் காய்ச்சலில் ஐ.சி.யூ.வில் கிடந்தபோது அம்மா பனிமய மாதாவையும் விடவில்லை, சவேரியாரையும் விடவில்லை. கடைசியில் பங்குக் கோயிலில் யாரோ கொடுத்த ஒரு செபப் படத்தை எடுத்துத் தலைமாட்டில் வைத்தாள். ஜப்பான் நாட்டுச் சாமுராய் படம். "இவரே காய்ச்சல்லதான் செத்திருக்காரு, இவருக்குத் தெரியாத வேதனையா? பிள்ளைய எழுப்பித் தாங்க சாமி, உங்க ஊருக்கே வந்து திரி ஏத்துறோம்" என்று வேண்டிக்கொண்டாள். பிளேட்லெட் ஏறியது. பிள்ளை எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டான். அம்மாவுக்கு இப்போது கோயில் படி ஏறவே முடியவில்லை. எனவே நேர்ச்சையைச் செலுத்த நான் கிளம்பினேன்.

தனியாகப் போகத் துணிவில்லாமல் ஒரு யாத்திரைக் குழுவில் சேர்ந்தேன். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். திருயாத்திரை என்று பணம் வாங்கியவர்கள், ஒசாகா பேராலயத்துக்கு அரை மணி நேரம் ஒதுக்கிவிட்டுக் கடைத்தெருவில் பாதி நாளை இறக்கிவிட்டார்கள். உகோன் ஆண்ட ஊரான தகாட்சுகி பட்டியலிலேயே இல்லை. கேட்டால், "அங்கே பார்க்க ஒண்ணுமில்லை மேடம்" என்கிறார்கள். ஆளை ஏமாற்றினாலும் பரவாயில்லை, அருளாளரை ஏமாற்றலாமா? என்னைப் போலவே மனம் புழுங்கிய ஒரு சிஸ்டரோடு சேர்ந்து நானே ரயில் ஏறிவிட்டேன். நிற்கக்கூட இடமில்லாத கூட்டம். அத்தனை பேர் இருந்தும் ஒரு சத்தம் இல்லை. நாங்கள் இருவரும் செபமாலையை வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு போனோம்.

தகாட்சுகியில் 1573 முதல் உகோன்தான் கோட்டைத் தலைவர். அந்தக் கோட்டை இன்று இல்லை. 19ஆம் நூற்றாண்டில், மெய்ஜி பேரரசர் காலத்தில் இடித்து, அதன் கற்களை ஒசாகா–கியோட்டோ ரயில் பாதைக்கு எடுத்துப் போட்டுவிட்டார்கள். நாங்கள் வந்ததும் அந்தப் பாதையில்தான். கோட்டை இருந்த இடம் இப்போது பூங்கா. ஆகஸ்ட் வெயில் தூத்துக்குடி வெயிலுக்குக் குறைந்ததல்ல. முட்டி வலியோடு நடந்து போய் அவர் சிலைக்குக் கீழே உட்கார்ந்தேன். சுற்றிலும் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

இந்த மண்ணில்தான் உகோனும் அவர் தகப்பனார் தாரியோவும் ஏழைக் குடியானவர்களின் சவப்பெட்டியைத் தங்கள் தோளில் சுமந்தார்கள். பிணம் தூக்குவது தாழ்ந்தவர்களின் வேலை என்று ஒதுக்கி வைத்திருந்த நாடு அது. கோட்டைத் தலைவனே பாடையைத் தோளில் வாங்கியதும் மற்ற சாமுராய்களும் வந்து தோள் கொடுத்தார்களாம். சேசுசபைக் குருக்கள் கடிதங்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். 1998இல் இங்கே தோண்டியபோது கிறிஸ்தவர்களின் கல்லறைகள் வெளிப்பட்டன. ஒரு பெட்டியின்மேல் சிலுவை தீட்டியிருந்தது. மரத்தால் ஆன செபமாலை மணிகளும் கிடைத்தன. நம் பக்கத்தில் ஒரே நற்கருணையை வாங்கிவிட்டு, கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொரு பக்கம் பிரித்து வைத்திருக்கிற ஊர்கள் இன்னும் இருக்கின்றன. அதை நினைத்து நெஞ்சு கனத்துப்போய், அவர் காலடியிலேயே அதற்காகவும் செபமாலையில் ஒரு பத்து மணி சொன்னேன்.

அங்கிருந்து தகாட்சுகி கோயிலுக்குப் போனோம். உகோனின் நினைவாகவே எழுப்பிய கோயில் அது, மணிலாவுக்குப் பக்கத்தில் உள்ள அந்திப்போலோ மாதா கோயிலின் சாயலில். முற்றத்தில் அவருடைய சுரூபம். மணப்பாட்டில் சவேரியார் குகைக் கிணற்றுத் தண்ணீரைச் சின்ன பாட்டிலில் அம்மா கொடுத்துவிட்டிருந்தாள். அதை அவர் பாதத்தில் தெளித்தபோதுதான் எனக்கு உடம்பு சிலிர்த்தது. நம் முத்துக்குளித்துறையில் ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்த அதே சவேரியார்தான் 1549 ஆகஸ்ட் 15 அன்று, மாதா விண்ணேற்புத் திருநாளில், ஜப்பானின் ககோஷிமாவில் இறங்கினார். யமகுச்சியில் கண்பார்வை மங்கிய ஒரு ஏழை யாழிசைப் பாடகரை லொரென்சோ என்று பெயரிட்டுத் திருமுழுக்காட்டினார். அந்த லொரென்சோவின் வாதத்தைக் கேட்டு மனம் திரும்பியவர் தாரியோ. தாரியோ வீட்டில் ஞானஸ்நானம் பெற்ற 12 வயதுப் பையன்தான் நம் யுஸ்தோ. எங்கள் கடற்கரையைத் தொட்ட கை, ஒருவர் மாற்றி ஒருவராக, இவர் தலையையும் தொட்டிருக்கிறது! அம்மாவுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. ஆனாலும் அந்தத் தண்ணீரைத்தான் கொடுத்துவிட்டாள். ஆவியானவர் சொல்லாமல் இது நடக்குமா?

திரியை ஏற்றினேன். காற்றில் அணைந்து அணைந்து போனது. கோயிலில் பூ அலங்கரித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி ஓடி வந்து, கையாலேயே மறைத்து நின்று, அது நின்று எரியும்வரை நகரவில்லை. அவருக்கு என் மொழி தெரியாது, எனக்கு அவர் மொழி தெரியாது. அக்கா மகன் போட்டோவைக் காட்டினேன். புரிந்துகொண்டு சிலுவை போட்டார்.

உள்ளே முழங்காலில் இருக்கும்போது 1578தான் திரும்பத் திரும்ப மனதில் வந்தது. உகோனின் மேல்தலைவர் அராக்கி முராஷிகே, அப்போது ஜப்பானில் மேலோங்கியிருந்த போர்த்தலைவர் ஓடா நோபுநாகாவை எதிர்த்துக் கலகம் செய்கிறார். உகோனின் சின்ன மகனும் தங்கையும் அராக்கியிடம் பணயக் கைதிகள். கோட்டையைத் திறந்துவிடாவிட்டால் குருக்களைச் சிலுவையில் அறைவேன், கோயில்களை எரிப்பேன் என்று இந்தப் பக்கம் நோபுநாகா ஆள் அனுப்புகிறார். திறந்தால் பிள்ளை போய்விடும். மறுத்தால் திருச்சபை போய்விடும். என்ன செய்வார் ஒரு தகப்பன்? செபித்துவிட்டு எழுந்தவர் குடுமியை அறுத்தார். பட்டைக் களைந்து காகிதத்தால் ஆன எளிய உடுப்பை அணிந்தார். பட்டமும் வேண்டாம், நிலமும் வேண்டாம் என்று, வாள் இல்லாமல் நோபுநாகா முன் போய் நின்றார். யார் பக்கமும் போர் செய்ய மாட்டேன், என்னை எடுத்துக்கொள் என்று நிற்பதுபோல. பிள்ளையும் தங்கையும் உயிரோடு திரும்பினார்கள். கோயில்கள் தப்பின. பறிபோன தகாட்சுகியும் அவர் கைக்கே திரும்ப வந்தது.

ஐ.சி.யூ. கதவுக்கு வெளியே, "என்னை எடுத்துக்கோ, அவனை விட்டுடு" என்று சுவரில் தலை சாய்த்து நின்ற அம்மா என் கண்ணுக்குள் வந்துவிட்டாள். எவ்வளவு நேரம் அழுதேனோ தெரியாது. சிஸ்டர் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் எழுந்தேன்.

அதன் பிறகும் அவரை விட்டார்களா? 1587இல் விசுவாசத்தை விடு, இல்லாவிட்டால் உன் ஆட்சியில் இருக்கும் ஆகாஷியை விடு என்றார், நோபுநாகாவுக்குப் பின் நாட்டை ஆண்ட ஹிதேயோஷி. ஆகாஷியை விட்டார். கனசாவாவை ஆண்ட மாயேதா குடும்பத்தின் ஆதரவில் ஏறக்குறைய 26 வருடம். 1614இல், ஹிதேயோஷிக்குப் பின் ஆட்சியைப் பிடித்த இயேயாசு கிறிஸ்தவத்தைத் தடைசெய்த ஆணை வந்தபோது அறுபதைத் தாண்டிய வயது. மனைவி, மகள், பேரப்பிள்ளைகளோடு பனி மூடிய மலைவழியில் நடந்தார். நாகசாகியிலிருந்து கப்பலில் ஏற்றி நாடு கடத்தினார்கள். மணிலாவில் பீரங்கி முழங்க வரவேற்பு. ஆளுநர் உதவித்தொகை தருகிறேன் என்றதற்கு, கைமாறாகச் சேவை செய்ய முடியாத நான் எப்படி வாங்குவது என்று மறுத்துவிட்டார். வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 1615 பிப்ரவரி 3 அன்று காய்ச்சல் அவரைக் கொண்டுபோனது. வாளால் வெட்டுப்பட்டுச் சாகவில்லை. ஆனாலும் திருச்சபை அவரை மறைசாட்சி என்கிறது. சரியாகத்தான் சொல்கிறது.

மறுநாள் ஒசாகா பேராலயத்தில் அந்த அரை மணி நேரமும் கிடைத்தது. பீடத்துக்குப் பின்னே கிமோனோ அணிந்த மாதா, ஒரு பக்கம் உகோன், மறுபக்கம் அதே காலத்துக் கிறிஸ்தவப் பிரபு குலப் பெண் கிராசியா அம்மையார். மாதாவை நம் வேளாங்கண்ணியில் சேலையில் பார்த்த கண்ணுக்கு அங்கே எந்த அந்நியமும் தெரியவில்லை. வெளியே வந்தால் ஹிதேயோஷியின் கோட்டையைப் பார்க்கப் போகிற கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கிறது. பேராலயத்தில் எங்களைத் தவிர நாலைந்து பேர்தான். எனக்கு வருத்தமாக இருந்தது. பிறகு வழிகாட்டிப் பையன் ஒரு பெரிய அரங்கத்தைக் காட்டினான். கோட்டைப் பூங்காவுக்குள்ளேயே, அகழிக்குப் பக்கத்தில். 2017 பிப்ரவரி 7 அன்று உகோனை அருளாளராக அறிவித்த திருப்பலி அங்கேதான் நடந்ததாம். எந்த ஹிதேயோஷி அவரைத் துரத்தினாரோ அவருடைய கோட்டை வளாகத்திலேயே! ஆண்டவரே, உமக்குத் தோத்திரம், தோத்திரம் என்று தெருவில் நின்றே சொல்லிவிட்டேன்.

அக்கா மகன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். உகோனைப் புனிதராக உயர்த்த ஒரு புதுமை வேண்டுமாமே என்று நான் சொன்னதிலிருந்து, பேரனின் ஆஸ்பத்திரிக் காகிதங்களையெல்லாம் அம்மா ஒரு மஞ்சப்பையில் சேர்த்து வைத்திருக்கிறாள். வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரிடம் கொடுக்கப் போகிறோம்.