எட்டு வாரம் நீடித்த ஓர் ஆகஸ்ட்

2009ஆம் ஆண்டு ஜூலையில் ஓர் இரவு, விடுதி அறையில் என் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருந்த நண்பன், "போன வாரத்து ஃபைலையே மறுபடியும் இறக்கிட்டியேடா" என்று என்னைத் திட்டினான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. அதே நீச்சல் குளம், அதே திருவிழா நடனம், தவளை வேடம் போட்டுச் செய்யும் அதே பகுதிநேர வேலை, கடைசியில் அதே காபிக் கடையில் எழுந்து போகும் அதே பெண். நான்கு வாரமாக நாங்கள் ஒரே கதையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இன்னும் நான்கு வாரம் மீதமிருந்தது எங்களுக்குத் தெரியாது.

அந்த அனிமே (ஜப்பானிய அனிமேஷன் தொடர்) 'ஹருஹி சுசுமியாவின் துயரம்'. நாகாரு தனிகாவா எழுத, நொய்ஸி இதோ படம் வரைந்த லைட் நாவல் (இளைஞர்களுக்கான, படங்களோடு வரும் சிறு நாவல்) வரிசை 2003இல் தொடங்கியது. கியோட்டோ அனிமேஷன் அதை 2006இல் தொலைக்காட்சிக்குக் கொண்டு வந்தது. வேற்றுக்கிரகவாசிகளையும் காலப் பயணிகளையும் தேடி ஒரு பள்ளிச் சங்கம் தொடங்கும் ஹருஹிக்கு, அவர்கள் தன் சங்கத்திலேயே உறுப்பினர்களாக இருப்பதும், தன் மனம் கோணினால் உலகமே மாறிவிடும் என்பதும் தெரியாது. நான் முதலில் அனிமேயைப் பார்த்து, பிறகு ஆங்கில மொழிபெயர்ப்பில் நாவல்களைப் படித்தவன். ஆகவே இரண்டுக்குமான வேறுபாடு என்றதும், எந்தக் காட்சி விடுபட்டது, எது சேர்ந்தது என்ற கணக்கு எனக்கு முக்கியமாகப் படவில்லை. யார் சொல்கிறார்கள், எவ்வளவு நேரம் எடுத்துச் சொல்கிறார்கள் என்ற இரண்டு இடங்களில்தான் நாவலும் அனிமேயும் உண்மையாகவே பிரிகின்றன. கதை முன்கூட்டித் தெரிந்துவிடக் கூடாது என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

நாவல் முழுவதும் கியோன் என்ற மாணவனின் வாய்மொழி. அலுப்பும் நக்கலும் கலந்த அவன் பேச்சில்தான் எல்லாம் நமக்கு வந்து சேர்கிறது. இதில் தனிகாவா ஒரு நுட்பமான வேலை செய்திருக்கிறார்: பல இடங்களில் கியோன் மனத்துக்குள் நினைப்பது போன்ற ஒரு வரி மேற்கோள் குறியில்லாமல் வரும், அடுத்த வரியிலேயே எதிரில் இருப்பவர் அதற்குப் பதில் சொல்லிவிடுவார். அவன் அதை வாய்விட்டுச் சொன்னானா, அல்லது முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்ததா என்பது கடைசி வரை தெளிவாவதில்லை. அச்சில் மட்டுமே சாத்தியமான விளையாட்டு இது. அனிமேயிலோ வாய் அசைகிறதா இல்லையா என்பதை வரைபவர் முடிவு செய்தே ஆக வேண்டும். கியோனுக்குக் குரல் கொடுத்த தோமோகாசு சுகிதா, பேச்சையும் எண்ணத்தையும் ஏறக்குறைய ஒரே தொனியில் உச்சரித்து அந்த இழப்பைப் பாதியாவது ஈடுசெய்திருக்கிறார் என்பது என் கணிப்பு.

சொல்பவன் இல்லாத இடத்தை அனிமே வேறு வழிகளிலும் நிரப்பப் பார்க்கிறது. சான்டா கிளாஸை ஒருபோதும் நம்பியதில்லை என்று புலம்பியபடி கியோன் மேட்டில் ஏறிப் பள்ளிக்குப் போகும் தொடக்கக் காட்சியில் நிறங்கள் சாம்பல் பூத்ததுபோல் மங்கியிருக்கின்றன. பின் இருக்கையிலிருந்து ஹருஹி எழுந்து தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள, அவன் திரும்பிப் பார்க்கும்போதுதான் திரையில் வண்ணம் ஏறுகிறது. நாவலில் இவன் பக்கம் பக்கமாக மறைத்து வைக்கும் விஷயத்தை அனிமே ஒரு நொடியில் காட்டிக்கொடுத்துவிடுகிறது. அழகுதான், ஆனால் கியோன் அதை ஒப்புக்கொள்ளச் சம்மதித்திருக்க மாட்டான்.

சில இடங்களில் இதே வெளிச்சம் கதைக்கே பாதகமாகிறது. இரண்டாம் நாவலில், பள்ளி விழாவுக்குப் படம் எடுக்கும் ஹருஹி, சங்க உறுப்பினரான மிகுரு அசாஹினாவை வற்புறுத்தி வேடம் போட வைத்து, உச்சக்கட்டத்தில் அவளுக்குத் தெரியாமல் மதுவைக் குடிக்க வைக்கிறாள். கியோன் கை ஓங்கும் அளவுக்கு விஷயம் போகிறது. படிக்கும்போது கியோனின் கிண்டல் நமக்கும் அந்தக் கொடுமைக்கும் நடுவே திரைச்சீலை போல் தொங்கிக்கொண்டிருக்கும். 2009இல் அதே கதை ஐந்து பகுதிகளாக வந்தபோது அந்தத் திரைச்சீலை இல்லை. மிகுருவின் முகம் நேராகத் தெரிகிறது. அந்த ஐந்து பகுதிகளையும் மறுபடி பார்க்க எனக்கு இன்றுவரை மனம் வந்ததில்லை.

2006இல் 14 பகுதிகளும் காலவரிசையைக் கலைத்துப் போட்டு ஒளிபரப்பானது பலருக்கும் நினைவிருக்கும். முதல் வாரமே மாணவர்கள் எடுத்த, வேண்டுமென்றே படுமோசமாக அமைந்த அந்த அமெச்சூர் படம் விளக்கம் ஏதுமின்றி ஓடியது. அதன் கதை நாவல்களில் ஆறாம் தொகுதியில்தான் வருகிறது. முதல் நாவலின் உச்சக்கட்டத்தைக் கடைசி வாரத்துக்கு ஒதுக்கிவைப்பதற்கு இந்தக் கலைப்பு உதவியது. அதே ஆறாம் தொகுதியிலிருந்து வந்த மேடைக் கச்சேரியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை: எழுத்தில் பாட்டு நன்றாக இருந்தது என்று நம்பிக்கொள்ள வேண்டும், அனிமேயில் ஹருஹிக்குக் குரல் கொடுத்த அயா ஹிரானோ பாடுகிறார்.

இனி அந்த ஆகஸ்டுக்கு வருகிறேன். 'முடிவில்லா எட்டு' என்பது ஐந்தாம் தொகுதியில் உள்ள ஒரு சிறுகதை. விடுமுறையில் ஏதோ குறை மிச்சமிருப்பதாக ஹருஹிக்குத் தோன்றுவதால், ஆகஸ்டின் கடைசி இரண்டு வாரங்கள் மீண்டும் மீண்டும் நிகழ்கின்றன. ஒவ்வொரு முறையும் எல்லோருக்கும் நினைவு அழிந்துவிடுகிறது, வேற்றுக்கிரகச் சக்தி ஒன்று உருவாக்கி அனுப்பிய சங்க உறுப்பினர் யூகி நாகாதோ ஒருத்தியைத் தவிர. இது 15,498ஆவது முறை என்று அவள் உணர்ச்சியற்ற குரலில் சொல்கிறாள். ஏறக்குறைய 600 ஆண்டுகள். நாவலில் இது ஒரு வரி. தனிகாவா நமக்குக் காட்டுவது கடைசிச் சுற்றை மட்டும்தான். வீட்டுப்பாடம் முடிக்கவில்லை என்று கியோன் கத்த, எல்லோரும் அவன் வீட்டில் கூடி எழுத, சுழற்சி உடைகிறது. ஒரே மூச்சில் படித்துவிடலாம்.

அனிமே அதை எட்டுப் பகுதிகளாக எட்டு வாரம் ஓட்டியது. பழைய படச்சுருளைத் திரும்ப ஓட்டியிருந்தால் சோம்பேறித்தனம் என்று ஒதுக்கியிருக்கலாம். அப்படிச் செய்யாமல், எட்டையும் புதிதாக வரைந்து, வசனங்களையும் புதிதாகப் பேசிப் பதிவு செய்தார்கள். உடைகள் மாறுகின்றன, காட்சிக் கோணம் மாறுகிறது; இரண்டாம் வாரத்தில் 15,498 என்று தொடங்கிய எண் எட்டாம் வாரத்தில் 15,532ஐத் தொடுகிறது. ஹருஹி காபிக் கடையை விட்டு எழுந்து போகும்போது கியோன் வாயைத் திறப்பானா என்று ஒவ்வொரு வாரமும் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தோம். அன்று எனக்கு வந்த கோபம் சாதாரணமானதல்ல. மூன்று வாரம் போதும், எட்டு என்பது அடம் என்று இப்போதும் சொல்வேன்.

ஆனால் நாவல்களைத் தொகுதி வரிசைப்படி படித்தபோது ஒன்று புரிந்தது. நாகாதோ உள்ளுக்குள் பிழைகள் சேர்ந்து சேர்ந்து, டிசம்பர் 18 அன்று உலகத்தையே மாற்றி எழுதிவிடும் கதை நான்காம் தொகுதி. முடிவில்லா ஆகஸ்ட் ஐந்தாம் தொகுதி. இரண்டும் 2004இல் வெளிவந்தவை. நூல் வரிசையில் போகும் வாசகன் நாகாதோ உடைந்துபோனதை முதலில் பார்க்கிறான். அவள் தனியாகச் சுமந்த அந்த ஆகஸ்டைப் பிறகுதான் அறிகிறான், பின்னோக்கிப் பொருத்திக்கொள்கிறான். அனிமே இந்த வரிசையைத் திருப்பிப் போட்டது: 2009இல் எட்டு வாரச் சலிப்பு, 2010 பிப்ரவரியில் 'ஹருஹி சுசுமியாவின் மறைவு' திரைப்படம். நாவல் ஓர் எண்ணால் தெரிவித்ததை அனிமே நம் பொறுமையிலிருந்து வசூலித்துக்கொண்டது. நாகாதோவின் களைப்பை நான் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை, அதில் மிகச் சிறிய ஒரு பங்கு என்னிடமே இருந்தது.

தத்சுயா இஷிஹாராவும் யசுஹிரோ தகெமோதோவும் இயக்கிய அந்தப் படம் இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிறது. ஒரே ஒரு சிறிய நாவலுக்கு இத்தனை நேரம் கொடுத்ததால் அவசரமே இல்லை. மாறிய உலகத்தில் நாகாதோ கண்ணாடி அணிந்த, கூச்சம் மிகுந்த சாதாரணப் பெண். தான் கொடுத்த சங்க விண்ணப்பப் படிவத்தைக் கியோன் நிரப்பாமல் திருப்பி நீட்டும்போது அவள் கை நடுங்குகிறது, விரல்களில் தாள் உடனே சிக்குவதில்லை. நாவலில் கண் கடந்துவிடும் அசைவு அது. படத்தில் பார்வையை விலக்கிக்கொள்ள இடமில்லாமல் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. தகெமோதோ 2019 ஜூலையில் கியோட்டோ அனிமேஷன் கட்டடத்துக்குத் தீ வைக்கப்பட்டபோது இறந்த 36 பேரில் ஒருவர். அதற்குப் பிறகு அந்தக் காட்சியை நான் ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன்.

படத்தோடு முதன்மைக் கதையின் அனிமேத் தழுவல் நின்றுவிட்டது. ஏழாம் தொகுதி முதல் வருபவை அனிமேயாகவில்லை, அவற்றை நான் ஆங்கிலத்தில்தான் படிக்கிறேன். ஆனாலும் காதில் விழுவது சுகிதாவின் ஜப்பானியக் குரல்தான். மேற்கோள் குறியில்லாத ஒரு வரி வந்து, அதற்கு யாராவது பதில் சொல்லும்போது மட்டும் அந்தக் குரல் தடுமாறி நிற்கிறது. நான் ஒரு வரி மேலே போய், அவன் வாயைத் திறந்தானா என்று தேடுகிறேன்.