பிக்கலோ வரும் வரைக்கும் பொறுத்திருங்கள்

தேசபக்தி மார்ச் (அணிவகுப்பு நடைக்கேற்ற பேண்ட் இசை) என்றாலே பலருக்கு அலுப்பு. டிரம்பெட் முழங்கும், டிரம் அடிக்கும், கொடி ஏறும், அவ்வளவுதானே என்பார்கள். அப்படிச் சொல்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் பிலிப் சூசாவின் 'தி ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ் ஃபாரெவர்' மார்ச்சை ஒரு தடவை முழுசாகக் கேளுங்கள் என்பதுதான். நாலு நிமிடம்கூட ஆகாது.

1896 கடைசியில் சூசா ஐரோப்பாவில் விடுமுறையில் இருந்தபோது, அவருடைய பேண்டின் மேலாளர் டேவிட் பிளேக்லி திடீரென இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. உடனே அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். மேல்தளத்தில் அங்குமிங்கும் நடக்கும்போது இந்த மெட்டு மனசுக்குள் ஓடத் தொடங்கி விடாமல் ஓடிக்கொண்டே இருந்தது, கரை இறங்கிய பிறகுதான் தாளில் எழுதினேன் என்று தன் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். 12 வருடம் அமெரிக்க மரைன் படையின் பேண்டை நடத்தியவர், அவருக்கு எந்த வாத்தியத்தை எப்போது பேசவிட வேண்டும், எப்போது அடக்கி வைக்க வேண்டும் என்பது அத்துப்படி.

அந்த அடக்கி வைப்பதில்தான் இதன் உயிரே இருக்கிறது. முதல் இரண்டு பகுதிகள் விறுவிறுவென்று போய்விடும். அப்புறம் சுருதி மாறி, ட்ரியோ என்கிற அடுத்த பகுதி வரும். நீளமான, வழுக்கிக்கொண்டு போகிற மெட்டு, மெதுவாக. அது முடிந்ததும் அடிக்குரல் பித்தளை வாத்தியங்கள் உறும, மேலே உள்ளவை பதிலுக்குக் கத்தும் (பேண்ட்காரர்கள் இதை நாய்ச்சண்டை என்பார்கள்). பிறகு அதே மெட்டு மறுபடியும் மெதுவாக வரும்போது, புல்லாங்குழலில் பாதி நீளமே உள்ள பிக்கலோ அதற்கு மேலே ஏறி, துள்ளித் துள்ளிச் சின்னச் சின்ன சுரங்களாகக் கொட்டும். இங்கே பல பேண்டுகள் சத்தத்தைக் கூட்டி அந்தப் பிக்கலோவை மூழ்கடித்துவிடுகின்றன, எனக்கு அதில் வருத்தம்தான். இன்னொரு சண்டைக்குப் பிறகு மூன்றாவது தடவை எல்லோரும் முழு பலத்தோடு சேர்வார்கள், டிராம்போன்கள் (குழாயை முன்னும் பின்னும் இழுத்து வாசிக்கும் பித்தளை வாத்தியம்) தனியாக ஓர் எதிர்மெட்டு பாடும். ஆரம்பத்துக்குத் திரும்பாமல் அந்த உச்சத்திலேயே மார்ச் முடிந்துவிடும். சூசா கச்சேரிகளில் பிக்கலோக்காரர்களும் பிறகு டிராம்போன்காரர்களும் மேடையின் முன்னால் வந்து நின்று வாசிப்பார்களாம்.

அந்தக் காலத்தில் சர்க்கஸ் பேண்டுகள் இதைச் சும்மா வாசிக்கமாட்டார்கள். ஆபத்து என்று ஊழியர்களுக்குச் சொல்கிற ரகசிய சைகையாக வைத்திருந்தார்கள். 1944-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் சர்க்கஸ் கூடாரம் தீப்பிடித்தபோது பேண்ட் வாசித்தது இதைத்தான். 1987-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இதைத் தேசிய மார்ச்சாக அறிவித்தது.

சரி, எதில் கேட்பது? மரைன் பேண்டே சூசாவின் மார்ச்சுகளைப் பதிவுசெய்து இணையத்தில் இலவசமாகத் தந்திருக்கிறது. ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்ளுங்கள். ட்ரியோ மெட்டு இரண்டாவது தடவை வரும்போது பிக்கலோவோடு போங்கள், மூன்றாவது தடவை அதை விட்டுவிட்டு டிராம்போனைப் பிடித்துக்கொள்ளுங்கள்.