டெமோவும் ரெட்ரோவும்: ஒரு பருவத்தின் நாட்குறிப்பு

2025 ஜூலை 18, வெள்ளி

மூன்றாம் ஆண்டு மென்பொருள் பொறியியல் ஆய்வகத்துக்கான அணிகளை இன்று பிரித்து முடித்தோம். அணிக்கு ஐந்து அல்லது ஆறு பேர், இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்பிரிண்ட் என்னும் வேலைச் சுற்று, முடிகிற வெள்ளியன்று செய்ததை ஓட்டிக்காட்டும் டெமோ, அடுத்து வரும் திங்களன்று வேலை செய்த விதத்தைத் திரும்பிப் பார்க்கும் ரெட்ரோவும் புதிய ஸ்பிரிண்டுக்கான திட்டமிடலும். ரெட்ரோவோடுதான் ஸ்பிரிண்ட் நிறைவடைகிறது என்று, நாங்கள் பின்பற்றும் ஸ்க்ரம் என்ற வேலை முறையின் கையேடு சொல்வதால் திங்கள் என்பது சிறு விதிமீறல்தான். ஆனால் தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பேருந்துகள் நான்கரைக்குக் கிளம்பிவிடும் ஓர் ஊரில், வெள்ளி மாலை நடக்கும் ரெட்ரோவில் பாதிப் பேர் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நூலக மேலாண்மை, வருகைப் பதிவு என்று ஆண்டுதோறும் சுற்றிவரும் தலைப்புகளுக்குப் பயனர் என்று ஒருவரும் கிடையாது. ஆசிரியரே பயனராகவும் தேர்வாளராகவும் நடிக்க வேண்டியிருக்கும். ஆகவே இம்முறை ஒவ்வோர் அணிக்கும் காரைக்குடியிலோ சுற்று வட்டாரத்திலோ தொழில் செய்யும் ஒருவரைப் பிடித்திருக்கிறோம். ஆத்தங்குடியில் தரைக்கல் வார்க்கும் பட்டறை வைத்திருப்பவர், கண்டாங்கிச் சேலைக் கடைக்காரர், பழைய நகரத்தார் வீடொன்றைத் தங்கும் விடுதியாக நடத்துபவர், கல்யாணத்துக்கும் சீருக்கும் பலகாரம் செய்து கொடுக்கும் ஓர் ஆச்சி. ஆச்சியை மட்டும் ஆடி முடிவதற்குள் ஒரு டெமோவுக்கு அழைத்துவிட வேண்டும். ஆவணி பிறந்துவிட்டால் முகூர்த்தங்கள் தொடங்கிவிடும், அவரைப் பிடிக்க முடியாது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

முதல் டெமோ. ஏறத்தாழ எல்லா அணியும் பவர்பாயிண்டோடு வந்தன. வணக்கம் சொல்லும் ஸ்லைடு, அணியின் படம், ரியாக்ட் நேட்டிவ், ஃபயர்பேஸ் முதலிய மென்பொருள் கருவிகளின் சின்னங்கள், அதன் பிறகு லாகின் பக்கம், அத்தோடு நேரம் முடிந்தது. ஒரே கைபேசியில் ஒரே ஒருவர் பயன்படுத்தப்போகும் பலகாரச் செயலிக்கு முதல் வேலையாக லாகின் எதற்கு என்று கேட்டேன். "எல்லா ஆப்லயும் இருக்கும் சார்" என்பதுதான் பதில்.

மற்றொரு வழக்கமான பதில், "90 சதவீதம் முடிஞ்சிடுச்சு சார்." மீதிப் பத்துச் சதவீதத்தில் என்ன இருக்கிறது என்று விசாரித்தால், இருவர் தனித்தனியாக எழுதிய நிரல் கிளைகள் (பிரான்ச்சுகள்) இன்னும் இணைக்கப்படவில்லை, எழுதியவரின் மடிக்கணினியைத் தவிர வேறெங்கும் அது ஓடியதில்லை என்று தெரியவரும். டெமோவில் சதவீதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. முடிந்தது, முடியவில்லை என்ற இரண்டு நிலைதான் உண்டு. முடிந்தது என்பதற்கான வரையறையை எட்டாத வேலையை ஸ்பிரிண்ட் ரிவ்யூவில், அதாவது நம் டெமோவில், காட்டக்கூடாது, அது செய்ய வேண்டியவற்றின் பட்டியலான பேக்லாக்குக்குத் திரும்ப வேண்டும் என்று கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லேண்டும் கையேட்டில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். நம் வகுப்புக்கான வரையறையைக் கரும்பலகையில் எழுதி வைத்தோம்: அணிக்குப் பொதுவான மெயின் பிரான்ச்சில் இணைந்திருக்க வேண்டும், எழுதாத ஒருவர் சோதித்திருக்க வேண்டும், அணியில் இல்லாத ஒருவரின் கைபேசியில் நிறுவி ஓட வேண்டும். ஸ்லைடு இனி கிடையாது.

ஆகஸ்ட் 4, திங்கள்

முதல் ரெட்ரோ. ரெட்ரோ பற்றி நூல் எழுதிய நார்மன் கெர்த் வகுத்த முதன்மை நெறியை, அதாவது அன்று தெரிந்திருந்ததையும் கையில் இருந்ததையும் வைத்து ஒவ்வொருவரும் தம்மால் இயன்றதையே செய்தார்கள் என்று நம்பித் தொடங்க வேண்டும் என்பதை, ஓர் அணி எழுந்து நின்று பள்ளிக் காலை வழிபாட்டு உறுதிமொழியைப் போல ஒரே குரலில் வாசித்தது. பிறகு சீட்டுகளில் எழுதியவை: "ஒத்துழைப்பு நன்றாக இருந்தது", "நேர மேலாண்மை தேவை", "கம்யூனிகேஷன் மேம்பட வேண்டும்." எந்த அணிக்கும் எந்த ஆண்டும் பொருந்தக்கூடிய வாசகங்கள் இவை; எவர்மீதும் படாதவை என்பதால்தான் எழுதப்படுகின்றன.

இன்டர்னல் மதிப்பெண் போடுபவர் அதே அறையில் உட்கார்ந்திருக்கும்போது, நண்பன் வேலை செய்யவில்லை என்று இருபது வயதுப் பிள்ளைகள் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. அவர்களுடைய மொழியில் அது காட்டிக்கொடுப்பது. ஆகவே அடுத்த ரெட்ரோவிலிருந்து நான் அறையில் இருக்கப்போவதில்லை, ரெட்ரோவுக்கு மதிப்பெண்ணும் இல்லை. எனக்கு வர வேண்டியது ஒரே ஒரு வரி: அடுத்த ஸ்பிரிண்டில் எதை மாற்றப்போகிறார்கள், அதற்குப் பொறுப்பு யார். ரெட்ரோவில் கண்ட ஒரு மாற்றத்தையாவது அடுத்த ஸ்பிரிண்ட் பேக்லாக்கில் சேர்க்க வேண்டும் என்பது 2017 கையேட்டில் கட்டாயமாக இருந்து, 2020 பதிப்பில் விருப்பத்துக்கு விடப்பட்டது. அனுபவமுள்ள அணிகளுக்கு அது சரியாக இருக்கலாம். மாணவர்களுக்குப் பழைய கட்டாயமே நல்லது.

ஆகஸ்ட் 14, வியாழன்

நாளை விடுமுறை என்பதால் டெமோ இன்றைக்கே. ஆச்சி வந்திருந்தார், பட்டறைக்காரரும் வந்திருந்தார். விதி ஒன்றே ஒன்று: கைபேசி பயனர் கையில் இருக்கும், அணியில் ஒருவரும் அதைத் தொடக்கூடாது, அவர் கேட்டாலொழிய வாய் திறக்கக்கூடாது.

ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தன் கைபேசியில் நிறுவிய செயலியைத் திறந்தார். அவருடைய கைபேசியில் எழுத்தின் அளவு ஆகப் பெரியதாக வைக்கப்பட்டிருந்தது. பெயர், தேதி, பலகாரம் என்று ஒவ்வொரு கட்டமும் வீங்கிக் கீழே இறங்க, "சேமி" பொத்தான் விசைப்பலகைக்கு அடியில் போய் மறைந்துவிட்டது. ஆச்சி திரையை மேலே தள்ளிப் பார்த்தார், நகரவில்லை. ஒரு பையன் தன்னையறியாமல் கையை நீட்டினான். பக்கத்திலிருந்த பெண் அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினாள். ஆச்சி பின்செல்லும் பொத்தானை அழுத்தினார். அதுவரை உள்ளிட்ட ஆர்டர் முழுவதும் போயிற்று.

"எங்க தம்பி போச்சு?" என்று கேட்டுவிட்டு, அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். "கைமுறுக்குக்கு எத்தனை சுத்துன்னு எங்க போடறது?" செயலியில் எல்லாப் பலகாரத்துக்கும் கிலோ என்ற ஒரே கட்டம்தான் இருந்தது. கைமுறுக்கும் அதிரசமும் எண்ணிக்கையில் போகும், தேன்குழலும் சீப்புச் சீடையும் எடையில் போகும், முறுக்குக்குச் சுற்றுக் கணக்கும் வேண்டும் என்று அவர் தன் நீள நோட்டைத் திறந்து காட்டினார். அந்த நோட்டின் ஒரு பக்கத்தில் இருந்த தரவு அமைப்பு, அணி வரைந்து வைத்திருந்த அட்டவணைகளைவிடத் தெளிவாக இருந்தது.

கல் பட்டறை அணியின் டெமோ வேறு வகையில் பாடமானது. பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி அறை, எட்டு அங்குலக் கல் என்று பட்டறைக்காரர் உள்ளிட, 324 என்று திரை சொன்னது. "எண்ணிக்கை சரிதான் தம்பி, ஓரம் எங்க?" என்றார். சுற்றிலும் ஒரு வரிசை பார்டர் வந்தால் அதற்கே 68 கல் போய்விடும், அதிலும் நான்கு மூலைக்குத் தனி வார்ப்பு. நடுவில் பூக்கல் 256 மட்டும்தான். 324 கல்லையும் ஒரே வடிவத்தில் ஊற்றி வைத்தால் அந்தப் பட்டறைக்கு நட்டம். விநியோகத் தேதியைச் செயலி இரண்டு நாளில் என்று தானாகக் காட்டியதைப் பார்த்து அவர் வாய்விட்டுச் சிரித்தார். கண்ணாடிமேல் வார்த்தெடுத்த கல் தண்ணீரில் சில நாள் ஊற வேண்டும், பிறகு காய வேண்டும். கூரியர் தேதி அதற்குச் சரிவராது.

இன்றைய டெமோக்களுக்கு நான் போட்ட மதிப்பெண், எத்தனை அம்சம் ஓடியது என்பதற்கு அன்று. பயனர் சொன்னதில் எதையெல்லாம் பேக்லாக்கில் எழுதிக்கொண்டார்கள், எதை மேலே தூக்கினார்கள் என்பதற்கு. ஓடாததைக் காட்டினால் மதிப்பெண் போகும் என்ற பயம் இருக்கும்வரை டெமோ நாடகமாகத்தான் இருக்கும்.

ஆகஸ்ட் 18, திங்கள்

பலகார அணி தன் ரெட்ரோவில் வரைந்த தாளை அவர்களே கொண்டுவந்து காட்டினார்கள்; அவர்கள் சம்மதித்ததால் இதை எழுதுகிறேன். ஸ்பிரிண்டின் நாட்களை ஒரு நீளக் கோடாகப் போட்டு, ஒவ்வொரு முடிவும் எந்த நேரத்தில், எங்கே எடுக்கப்பட்டது என்று புள்ளி வைத்திருந்தார்கள். எல்லாப் பலகாரத்துக்கும் கிலோ என்று வைப்பது, திரைகளின் வரிசை, யார் எதை எழுதுவது ஆகிய பெரிய முடிவுகள் அத்தனையும் இரவு ஒன்பது மணிக்கு மேல், ஆண்கள் விடுதியில். அணியின் இரு பெண்களும் பேருந்தில் ஊருக்குப் போய்வருபவர்கள். மறுநாள் காலை வாட்ஸ்அப்பில் முடிவு மட்டும் வந்து சேரும். அவர்களில் ஒருத்தியின் வீட்டில் அப்பத்தா முறுக்கு சுற்றுபவர். சுற்றுக் கணக்கு அவளுக்குத் தெரியும், அவளிடம் யாரும் கேட்கவில்லை.

"கம்யூனிகேஷன் மேம்பட வேண்டும்" என்ற சீட்டுக்குள் ஒளிந்திருந்தது இதுதான். யாரும் யாரையும் வேண்டுமென்று ஒதுக்கவில்லை, பேருந்து நேரம் ஒதுக்கியிருக்கிறது. அவர்கள் எனக்கு அனுப்பிய வரி: "இரவில் பேசியது கருத்து, மறுநாள் பதினைந்து நிமிடக் கூட்டத்தில் எல்லாரும் கேட்ட பிறகே முடிவு." பொறுப்பு அந்தப் பெண்ணிடமே.

ஆகஸ்ட் 29, வெள்ளி

பிள்ளையார்பட்டித் திருவிழாவும் சதுர்த்தியுமாக வாரம் பாதி போய்விட்டது. இரண்டு அணிகள் அதை முன்கூட்டியே எண்ணிக் குறைவாக எடுத்து, எடுத்ததை முடித்திருந்தன. மற்றவை வழக்கம்போல் எடுத்து, வழக்கம்போல் பாதியில் நின்றன. காட்ட ஒன்றுமில்லை என்று இரண்டு நிமிடத்தில் சொல்லி உட்கார்ந்த விடுதி அணியைப் பாராட்டினேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

எதிர்பார்த்தபடியே ஆச்சியால் வர முடியவில்லை, அணி அவர் வீட்டுக்குப் போயிற்று. வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டில் அடுப்புகள் எரிந்துகொண்டிருக்க, நின்றபடியே டெமோ. அங்கே போன பிறகுதான் ஒன்று தெரிந்தது: ஆச்சியின் கையில் எப்போதும் மாவும் எண்ணெயும் இருக்கும், அவர் கைபேசியைத் தொடுவதே இல்லை. அவர் சொல்லச் சொல்ல, உதவிக்கு இருக்கும் பெண் தட்டச்சு செய்கிறாள். அதாவது, உண்மையான பயனரை அணி இதுவரை சந்தித்திருக்கவே இல்லை. அந்தப் பெண் கேட்டது ஒன்றுதான்: ஆச்சி பாதியில் மனம் மாறி "அதை அம்பதாக்கு ஆத்தா" என்றால், மேலே போய்த் திருத்த ஒரே தட்டில் வழி வேண்டும். சென்னையிலிருக்கும் மகளும் ஆர்டர்களைப் பார்க்க வேண்டும் என்று ஆச்சி சேர்த்துச் சொன்னார். ஆக, முதல் நாள் தூக்கி ஓரத்தில் வைத்த லாகின் இப்போது பயனர் வாயாலேயே பேக்லாக்குக்குள் வந்துவிட்டது.

கையேடு ஸ்பிரிண்ட் ரிவ்யூவை வேலை நடக்கும் அமர்வு என்கிறது, அது வெறும் விளக்கக்காட்சியாகச் சுருங்கிவிடக் கூடாது என்றும் எச்சரிக்கிறது. அடுப்படியில் அது தானாகவே நிறைவேறியது.

செப்டம்பர் 15, திங்கள்

சேலைக் கடை அணியில் ஒருவன் வேலையே செய்வதில்லை என்பது ஊருக்கே தெரியும். அவர்களுடைய ரெட்ரோ வரிகளில் மட்டும் அது வரவே இல்லை. நான் வெளியே இருந்தால் உண்மை பேசிவிடுவார்கள் என்பது பாதிதான் சரி, ஏனென்றால் நட்பு அறைக்குள்ளேயே இருக்கிறது. இன்று கல் பட்டறை அணியில் ஸ்க்ரம் முறை சரியாக நடக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும் ஸ்க்ரம் மாஸ்டரை அங்கே நடத்துநராக அனுப்பினேன். பேச்சைத் தொடங்குவதற்கு முன் பத்து நிமிடம் யாரும் பேசாமல் எழுதுவது, பிறகு சீட்டுகளைக் கலந்து அவளே வாசிப்பது என்று நடத்தியிருக்கிறாள். உள்ளே நடந்தது எனக்குத் தெரியாது. வெளியே வந்த வரி, "எவரும் தனியாக ஒரு டாஸ்க்கை இரண்டு நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, தேங்கினால் இன்னொருவர் பக்கத்தில் உட்கார வேண்டும்." அந்தப் பையனின் பெயர் அதில் இல்லை. பொறுப்பு என்ற இடத்தில் அவன் கையெழுத்து இருந்தது.

அணி மாற்றி நடத்துவதை எல்லாருக்கும் விரிக்கலாம் என்று சக ஆசிரியர் சொல்கிறார். எனக்கு அதில் தயக்கம் உண்டு. நன்றாகப் பேசிக்கொள்ளும் அணிக்குள் வெளியாளை அனுப்பினால் பேச்சு மறுபடியும் மேடைப் பேச்சாகிவிடும். கேட்கும் அணிக்கு மட்டும் அனுப்புவது என்று முடிவு செய்தோம்.

அக்டோபர் 10, வெள்ளி

தீபாவளி 20ஆம் தேதி. பலகார அணி இன்றைய டெமோவில் புதிதாக எதையும் காட்டவில்லை. ஆச்சியின் வீட்டில் ஆர்டர்கள் குவிந்துகொண்டிருக்கும் இந்த நேரத்தில் செயலியில் கைவைக்க மாட்டோம், பண்டிகை முடியும்வரை பழுது நீக்கம் மட்டுமே என்று அவர்களே முடிவெடுத்து அதைத்தான் அறிவித்தார்கள். பருவ இறுதி மதிப்பீட்டுக்கு அம்சங்கள் குறையுமே என்று வேறொரு அணியின் மாணவன் கேட்டான்; குறையும் என்றார்கள். அடுத்த டெமோவை 24ஆம் தேதி ஆச்சி வீட்டில், அந்த உதவிப் பெண்ணை வைத்து நடத்துவதாகவும், அதற்கு அவளிடம் முன்பே நேரம் கேட்டுவிட்டதாகவும் சொன்னார்கள். நானும் வருவதாக இருந்தால் பேசாமல் ஓரமாக நிற்க வேண்டுமாம்.